பையில் இருப்பது தேனீ அல்ல

அது தேனீ அல்ல. தயவுசெய்து காலை மேலே தூக்கிக்கொள்ள வேண்டாம். உங்கள் இருக்கைக்குக் கீழே இருப்பது என் பை. பைக்குள் துண்டில் சுற்றி வைத்திருப்பது ஒரு சுருதிப் பெட்டி. கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு விடாமல் ரீங்கரிக்குமே, அதேதான். பேட்டரியில் ஓடுவது. கடிக்காது.

அணைத்துவிடலாமே என்று கேட்கிறீர்கள். கேட்கவில்லையா? சரி, கேட்டதுபோல எனக்குத் தோன்றியது. அணைக்க முடியாது. இன்று வெள்ளிக்கிழமை. சூரியன் மறைவதற்குள் இது ஓடத் தொடங்கியிருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கெல்லாம் எர்ணாகுளம் போய்விடும் என்கிறார்கள்; இந்த ரயிலின் வாக்கை நம்பி நான் ஒரு விதியை மீற முடியாது. ஆகவே கோயம்புத்தூர் சந்திப்பிலேயே ஓடவிட்டுவிட்டேன். நீங்கள் ஆலுவாவில்தானே இறங்குகிறீர்கள்? நல்லது. நிதானமாகச் சொல்லலாம்.

என் பெயர் தமயந்தி. ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகளாக வேதியியல் கற்பிக்கிறேன். நான் பேசுவது புத்தகம் பேசுவதுபோல இருக்கிறது என்று மாணவிகள் சொல்வதுண்டு. பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் பதின்மூன்று பேர் கொண்ட பாடற்குழு. யூதர்களின் வழிபாட்டுப் பாடல்களை மட்டும் பாடுகிறோம். எங்களில் யூதர் ஒருவர்தான்; அவர் எலியாகு. நாங்கள் எலியா சார் என்று அழைக்கிறோம். கேரளத்து யூதக் குடும்பம். அவருடைய பெற்றோர் அந்தக் காலத்திலேயே இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அவர் சொட்டுநீர்ப் பாசனக் குழாய்களோடு கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தார். வீட்டில் மலையாளம் பேசி வளர்ந்தவராதலால் எங்கள் தமிழ் ஆறு மாதத்தில் படிந்துவிட்டது. பிரார்த்தனைதான் சிக்கலாயிற்று. ஒருவர் வாழ்த்துச் சொன்னால் மற்றவர்கள் 'ஆமென்' சொல்ல வேண்டும்; தனக்குத் தானே ஆமென் சொல்லிக்கொள்ளக் கூடாதாம். ஊரில் வேறு யூதர் இல்லை. அவருடைய அலுவலகத்துக்குக் கீழே அத்தர் கடை வைத்திருக்கும் வகாப் பாய் ஒரு நாள் மாடிக்கு வந்தவர், மனிதர் தனியாக நின்று பாடிவிட்டு யாரையோ எதிர்பார்ப்பதுபோல நிறுத்துவதைப் பார்த்து, இரக்கப்பட்டு ஒரு ஆமென் சொல்லியிருக்கிறார். எங்கள் குழு தொடங்கியது அப்படித்தான். பிறகு பள்ளியில் இசை கற்பிக்கும் ஜெசிந்தா வந்தாள். அவளோடு தேவாலயப் பாடகர்கள் சிலர் வந்தார்கள். பிறகு நான்.

எனக்குக் குரல் தேர்வு வைக்கவில்லை. தேவைப்படவில்லை போலும். நல்ல சுருதிப் பெட்டி வைத்திருந்தது நான் ஒருத்திதான். முன்பு வீணை கற்றுக்கொண்டபோது வாங்கியது. மூன்றாம் மாதம் என் ஆசிரியை வெளியூருக்குக் குடிபெயர்ந்துவிட்டார். அடுத்து வந்த ஆசிரியையும் குடிபெயர்ந்தார். கோயம்புத்தூரில் வீணை ஆசிரியைகள் நிலையாக இருப்பதே இல்லை.

குழுவில் என் வளர்ச்சி படிப்படியானது. முதலில் முன்வரிசையில் நின்றேன். பிறகு இரண்டாம் வரிசை. பிறகு, ஒலி நன்றாகப் பரவும் என்று எலியா சார் சொன்னதால், கதவருகே. இப்போது பெட்டியோடு எனக்கென்று தனி நாற்காலி; பதின்மூன்று பேரில் நாற்காலி உள்ளவள் நான் மட்டும்தான். ஒவ்வொரு பாடலுக்கும் முன்னால் நான் சுருதி கொடுப்பேன். நான்கு கட்டை. அதைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் பாடுவார்கள். நானும் பாடுவேன்.

என் மீது எல்லோருக்கும் எவ்வளவு அக்கறை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். "அக்கா, இந்தப் பாட்டுக்கு மட்டும் தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்களேன்," என்பாள் ஜெசிந்தா. எல்லாப் பாட்டுக்கும் சொல்வாள். மறுவாரமே இஞ்சிச் சாறும் தேனும் கலந்து பதின்மூன்று பேருக்கும் கொண்டுபோனேன். வகாப் பாய் ஒருமுறை, "மேடம்ங்க, நீங்க பக்கத்துல நின்னா எனக்கு வேற என்னமோ ஒரு ராகம் கேக்குதுங்க," என்றார். நாள் முழுவதும் அத்தர் நெடியில் உட்கார்ந்திருப்பவர். காது மூக்கு தொண்டை மூன்றும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்று அவருக்கு விளக்கி, ஒரு மருத்துவரின் முகவரியும் எழுதிக் கொடுத்தேன்.

கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு இதே டிசம்பர் மாதம். எலியா சாரின் தாய்மாமா மொர்தெகாய், எண்பத்தெட்டு வயது, பதினோரு உறவினர்களோடு இஸ்ரேலிலிருந்து பிறந்த ஊரைப் பார்க்க வந்தார். எர்ணாகுளத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், ஆற்றங்கரையில், அவர்களுடைய பழைய ஜெபாலயம் இருக்கிறது. புதுப்பித்துப் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு சனிக்கிழமை அதைத் திறந்து பழையபடி ஓய்வுநாள் வழிபாடு நடத்த அனுமதி கிடைத்தது. வழிபாடு முடியும்போது நாங்கள் மூன்று பாடல்கள் பாட வேண்டும். பெண்கள் பாடலாமா என்று நான் கேட்டேன். கேரளத்து யூதர்களிடையே பெண்கள் பாடுவது பழைய வழக்கமாம், தடையில்லை.

தடை வேறிடத்திலிருந்து வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் எலியா சார் சொன்னார்: "ஓய்வுநாளிலே மைக் கிடையாது. வாத்தியம் கிடையாது. எந்த ஸ்விட்சையும் தொட மாட்டோம். சுருதியை ஜெசிந்தா மனசிலே வெச்சுக் கொடுக்கும்."

நான் பெட்டியைப் பார்த்தேன்.

"அப்படியானால் நான்?" என்றேன்.

எலியா சார் மிகவும் மென்மையான மனிதர். "தமயந்தி மேடம், நீங்க ஏழு வருஷமா ஒரு செவ்வாய்க்கிழமைகூட லீவு எடுத்ததில்லே. அன்னைக்கு ஆத்தங்கரையிலே காத்து ரொம்ப நல்லாயிருக்கும்," என்றார்.

ஆற்றங்கரைக் காற்றைப் பற்றி அவர் சொன்னது உண்மைதான், பிறகு பார்த்தேன். ஆனால் அன்று வீடு திரும்பும்போது ஒரு கணக்கு என் மனத்தில் ஓடியது. பெட்டி இல்லாமலே பாட முடியும் என்று ஒரு சனிக்கிழமை தெரிந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் செவ்வாய்க்கிழமைகளில் பெட்டி எதற்கு? பெட்டி இல்லையென்றால் நாற்காலி எதற்கு? செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு நான் எங்கே போவேன்? என் வீட்டில் நான் சொல்வதற்குப் பதில் சொல்லும் ஒரே பொருள் குக்கர். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும்.

நான் அழுதுகொண்டு உட்காரும் வகை அல்ல. படிக்கும் வகை. கல்லூரி நூலகத்தின் வழியாக யூதர்களின் ஓய்வுநாள் விதிகளைப் பற்றி இரண்டு தடித்த நூல்களை வரவழைத்தேன். குறிப்பெடுத்துப் படித்தேன். அற்புதமான நூல்கள். அன்று புதிதாக விளக்கேற்றக் கூடாது. எரிவதை அணைக்கவும் கூடாது. ஆனால் முதல் நாள் சூரியன் மறைந்து ஓய்வுநாள் தொடங்குவதற்கு முன்பே ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். படிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலையே ஓடவிட்ட பெட்டி சனிக்கிழமை காலையில் ஓடிக்கொண்டிருந்தால் அது யார் குற்றம்?

இன்னொரு விதியும் இருக்கிறது. அதற்குத் தனி அத்தியாயமே உண்டு. அன்று தான் செய்யக் கூடாத வேலையை யூதரல்லாத ஒருவரிடம் செய்யச் சொல்லவும் கூடாது. 'விளக்கைப் போடு' என்று சொல்லக் கூடாது. 'இங்கே இருட்டாக இருக்கிறது' என்று மட்டும் சொல்லலாம். கேட்பவர் தானாகப் புரிந்துகொள்ள வேண்டும். இவ்வளவு நாகரிகமான ஏற்பாட்டை நினைத்து நினைத்து வியந்திருக்கிறேன். எதிரில் இருப்பவருக்கு மட்டும் சற்றுக் கூர்மை வேண்டும், அவ்வளவுதான்.

யாரிடமும் சொல்லவில்லை. வியப்பாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஜெபாலயத்தில் கடைசி ஒத்திகை நடந்தது. மொர்தெகாய் மாமா முன் பெஞ்சில் கைத்தடியை முழங்காலுக்கிடையில் நிறுத்திக்கொண்டு கேட்டார். மூன்று பாடல்களும் முடிந்தன. அவருடைய உறவினர்கள் கைதட்டினார்கள். அவர் தட்டவில்லை. "நல்லா இருக்கு. எல்லாம் மேலே கூரையிலே இருக்கு," என்றார். கூரை உண்மையிலேயே அழகானது. மரத்தில் தாமரை செதுக்கி வண்ணம் பூசியிருந்தார்கள். அந்த வயதில் அதைக் கவனித்தாரே என்று எனக்கு மகிழ்ச்சி. எலியா சாருக்கு ஏனோ முகம் வாடிவிட்டது. "மாமா நம்மகூடச் சேர்ந்து பாடுவார்னு நெனச்சேன். உதடுகூட அசையலே," என்று ஜெசிந்தாவிடம் முணுமுணுத்தார். அவருடைய ஆசையெல்லாம் அது ஒன்றுதான். அந்தக் கட்டடத்தில் சின்ன வயதில் பாடிய குரல்களில் மிச்சம் இருந்தது மாமாவின் குரல் மட்டும்தான்.

அன்று மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் பெட்டியை ஓடவிட்டேன். நான்கு கட்டைக்குத் திருகி, துண்டில் சுற்றி, பையில் வைத்து, பெண்கள் பெஞ்சுக்குக் கீழே தள்ளி, பையை எண்பூட்டால் பூட்டினேன். பேட்டரிகள் எங்கள் ஆய்வகத்துச் சுவர்க் கடிகாரங்களிலிருந்து கழற்றியவை. பாதி உயிர் மிச்சமிருக்கும் பேட்டரியைத் தூக்கி எறியும் வழக்கம் எனக்கு இல்லை. பேட்டரி தேயத் தேயச் சுருதி இறங்கும் என்று ஜெசிந்தா சொல்வாள். மலிவான பெட்டிகளில் அப்படி நடக்கலாம்.

மறுநாள் காலை. வழிபாடு தொடங்கியது. திரை விலகியது, வேதம் எழுதிய தோற்சுருளை எடுத்தார்கள், எல்லோரும் எழுந்து நின்றோம். அப்போது ஏற்பட்ட நிசப்தத்தில் என் பெட்டி மிகத் தெளிவாகக் கேட்டது. எனக்கு மெய்சிலிர்த்தது.

சற்று நேரத்தில் எலியா சார் என் பக்கம் வந்தார். "தமயந்தி மேடம், இங்கே ஏதோ தேனீ புகுந்தாப்லே இருக்கு," என்றார்.

நான் எழுந்து எட்டு ஜன்னல்களையும் பார்த்தேன். தேனீ இல்லை. அவரிடம் அப்படியே தெரிவித்தேன்.

"ஓ," என்றார். போனார். திரும்பி வந்தார். "அமைதி எவ்வளவு நல்ல விஷயம் இல்லையா?"

"சந்தேகமே இல்லை சார்," என்றேன்.

"சில பேர் தன்னாலே எழுந்து வெளியே போவாங்க. கையிலே பையும் எடுத்துட்டுப் போவாங்க. ஆத்தங்கரையிலே…"

"காற்று நன்றாக இருக்கும். நேற்றே பார்த்துவிட்டேன்."

அவர் தலையிலிருந்த சின்னத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அத்தனை விதியைப் படித்த எனக்கு, அன்று அவர் ஏன் அவ்வளவு சுற்றி வளைத்துப் பேசினார் என்பது இன்றுவரை விளங்கவில்லை. பதற்றமாக இருந்திருக்கலாம்.

பிறகு ஜெசிந்தா குனிந்து என் காதில் பேசினாள். அவளுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"அக்கா, பையில பொட்டி இருக்குதா?"

"இருக்கிறது."

"ஐயோ! ஆஃப் பண்ணுங்க்கா!"

"எரிவதை இன்று அணைக்கக் கூடாது, ஜெசிந்தா."

"அது அவங்களுக்குக்கா! நமக்கு இல்ல!"

"விதியில் பாதியைக் கடைப்பிடித்து மீதியை விட்டுவிடுவது என் பழக்கம் அல்ல."

வகாப் பாய் பின்வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தார். "பூட்டு நம்பர் என்னங்க மேடம்? சும்மா, தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"அதைச் சொன்னால் பூட்டு எதற்கு?"

இந்தச் சலசலப்பு முன்வரிசை வரைக்கும் போய்விட்டது. மொர்தெகாய் மாமா கைத்தடியை ஒருமுறை தரையில் தட்டினார். வழிபாடு நின்றது. "எந்தா அவிடெ?" என்றார். எலியா சார் தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னார். நான் எழுந்து நின்றேன். பயந்துகொண்டுதான் நின்றேன், மறைக்கவில்லை. மொத்தக் குழுவின் முன்னிலையில், அவர்கள் விருந்தாளிகளின் முன்னிலையில், என்னை வெளியே போகச் சொல்வார்கள் என்று அந்தக் கணத்தில் எனக்கே தோன்றிவிட்டது. போனால் திரும்பி வர முடியாத வெளி அது.

"எப்போ ஏத்தினது?" என்று என்னைக் கேட்டார்.

"நேற்று மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு, ஐயா. சூரியன் மறைய இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அவர்கள் வீடுகளில் ஓய்வுநாள் விளக்கை ஏற்றுவதும் சூரியன் மறையச் சரியாக அதே பதினெட்டு நிமிடத்துக்கு முன்புதான். நான் படித்திருந்தேனே! கிழவர் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "எடா எலியா, அது பெட்டியில்லடா, விளக்கு. இருக்கட்டே," என்றார்.

வழிபாடு தொடர்ந்தது. முடியும் தறுவாயில் எங்களை அழைத்தார்கள். சுருதி கொடுக்க வேண்டியவள் ஜெசிந்தா. அவள் கண்ணை மூடிக்கொண்டு மனத்தில் நான்கு கட்டையைத் தேடினாள். காதில் விழுந்துகொண்டிருந்ததோ என் பெட்டி. அவள் மேலே வாயைத் திறப்பதும், பெட்டி அவளை இழுப்பதும், அவள் உதறுவதும் முகத்திலேயே தெரிந்தது. மூன்றாவது முயற்சியில் பெட்டியோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் மொத்தக் குழுவும் இறங்கியது. இறங்கியது என்று ஏன் சொல்கிறேன்? அவர்கள் முகங்கள் அப்படி இருந்தன, ஏதோ படி தவறியவர்களைப்போல. வழக்கமாக மெல்லிய கம்பியாக இழுபடும் ஜெசிந்தாவின் குரல் அன்று கனமாக, மடியில் வைத்துக்கொள்ளலாம்போல இருந்தது.

நானும் பாடத் தொடங்கினேன்.

இரண்டு வரிகூட ஆகவில்லை. முன்பெஞ்சிலிருந்து மொர்தெகாய் மாமா திரும்பி, கையைத் தூக்கி, என்னை மட்டும் பார்த்துச் சொன்னார்:

"மோளே, நீ பாடண்ட. பெட்டி பாடட்டெ."

நீ பாட வேண்டாம், பெட்டி பாடட்டும். அவ்வளவுதான். தொண்டைக்கு ஓய்வு என்று சொல்லவில்லை. காற்று, கதவு, ஒலி பரவுதல் எதுவும் சொல்லவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சிரிக்காதீர்கள். சிரிக்கவில்லையா? சரி.

நான் மூடிக்கொண்ட பிறகுதான் அது கேட்டது. ஏழு ஆண்டுகள் அந்தக் குழுவோடு இருந்திருக்கிறேன்; அவர்கள் பாடி நான் கேட்டதே இல்லை. வகாப் பாய்க்கு அப்படியொரு அடிக்குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். அது மரத்தரை வழியாக என் பாதத்துக்கு வந்தது. பிறகு முன்பெஞ்சில் ஒரு கரகரப்பு கேட்டது. யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள் என்று நினைத்தேன். மாமா பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு எட்டும் இடத்தில் பாட்டு வந்து நின்றிருந்தது. அவர் பாட, பக்கத்தில் இருந்த அவருடைய மகள் பாட, பதினோரு பேரும் பாடினார்கள். எலியா சார் கையசைப்பதை மறந்து நின்றார். பாடல் முடிந்ததும் மாமா ஒரு வாழ்த்துச் சொன்னார். 'ஆமென்' என்றோம். அது பாட்டல்ல என்பதால் நானும் சொன்னேன்.

மாலையில் வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்தபின் பையைத் திறந்து பெட்டியை அணைத்தேன். ஜெசிந்தா என்னைக் கட்டிக்கொண்டு, "அக்கா, ரெண்டு கட்டை எறங்கிக் கெடந்துச்சுக்கா! சரியா ரெண்டு கட்டை!" என்று கத்தினாள். பாவம், உணர்ச்சிவசப்பட்டால் அவளுக்குச் சுருதி பிடிபடாது. எலியா சார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "மேடம், இந்தப் பேட்டரியை மட்டும் என்னைக்கும் மாத்தாதீங்க," என்றார். சிக்கனத்தை மதிக்கத் தெரிந்த மனிதர்.

இந்த ஆண்டும் ஒரு சனிக்கிழமைக்கு அனுமதி கிடைத்து, அழைப்பு வந்திருக்கிறது. மாமா தம் கைப்படக் கடிதம் எழுதியிருக்கிறார். குழுவில் பெயர் குறிப்பிட்டு அழைக்கப்பட்டிருப்பது நான் ஒருத்திதான். 'பெட்டிக்காரி வரணும். பாடக் கூடாது.' எலியா சார் தமிழில் படித்துச் சொன்னார், படிக்கத் தயங்கினார், நான்தான் வற்புறுத்தினேன். அந்தக் கடிதத்தின் நகல் என் கைப்பையில் இருக்கிறது. காட்டட்டுமா? பிறகு பார்க்கலாம், சரி. செவ்வாய்க்கிழமைகளிலும் நான் இப்போது பாடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறேன். குழு முன்னைவிட எவ்வளவோ தேறியிருக்கிறது. நான் கவனமாகக் கேட்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பாடாதே என்று முன்பே யாராவது நேராகச் சொல்லியிருந்தால் நான் என்ன கோபித்துக்கொண்டிருக்கவா போகிறேன்? ஏழு ஆண்டுகளில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை, பாருங்கள்.

மற்றவர்களா? எல்லோரும் அடுத்த கோச்சில் இருக்கிறார்கள். டிக்கெட் எடுத்தது ஜெசிந்தா. எனக்கு மட்டும் இங்கே இடம் கிடைத்தது. எல்லாப் பயணத்திலும் இப்படித்தான் அமைந்துவிடுகிறது.

ஆமாம், அதே பேட்டரிகள்தான். செவ்வாய்க்கிழமைகளில் பெட்டி கரண்டில் ஓடும். இவற்றை இந்த நாளுக்கென்றே பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். என்ன சொன்னீர்கள்? மாடு முனகுவதுபோல இருக்கிறதா? நீங்கள் பாடுபவரா? இல்லையென்றால் விடுங்கள். ரயில் இரைச்சலில் அப்படித்தான் கேட்கும். அது நான்கு கட்டை. நானே திருகி வைத்தது.

தலைவலி என்றா சொன்னீர்கள்? என்னிடம் மாத்திரை இருக்கிறது. அந்த மூலையில் காலியாக இருக்கும் இருக்கையைப் பார்க்கிறீர்களே. அங்கே வெயில் அடிக்கும், இங்கேயே இருங்கள். ஏதாவது சொல்ல நினைத்தால் மட்டும் என்னிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். நான் எதையும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

அடடா, ஏன் பெட்டியை எடுக்கிறீர்கள்? உங்கள் பெட்டியைத்தான் சொல்கிறேன். ஆலுவா என்றுதானே சொன்னீர்கள்? இது திருச்சூர்.